அம்மாவின் முழங்காலுக்கு பிஆர்பி ஊசி போடலாமா?

வணக்கம். அம்மாவுக்கு 58 வயது, எக்ஸ்ரேயில் இரண்டாம் நிலைத் தேய்மானம், பிஆர்பி ஊசி (அவரவர் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்த, தட்டணுக்கள் நிறைந்த திரவம்) மூன்று போட்டால் ஜவ்வு, அதாவது மூட்டிலுள்ள குருத்தெலும்பு, வளர்ந்துவிடும் என்கிறார்கள், நடந்தால் இன்னும் தேயுமோ என்ற பயத்தில் அம்மா உட்கார்ந்தே இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள்.

பணம் கட்டுவதற்கு முன் ஒன்று. 2021இல் ஆஸ்திரேலியாவில் இதே நிலையில் இருந்த 288 பேரில் பாதிப் பேருக்கு பிஆர்பியும் மீதிப் பேருக்கு வெறும் உப்புநீரும் வாரம் ஒன்றாக மூன்று ஊசி போட்டு, யாருக்கு எது என்று சொல்லாமலே ஒரு வருடம் கழித்துப் பார்த்தார்கள். வலியிலும் சரி, எம்ஆர்ஐயில் தெரிந்த குருத்தெலும்பின் அளவிலும் சரி, சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. நானாக இருந்தால் போடமாட்டேன்.

அப்புறம் அந்த நடைபயம். குருத்தெலும்புக்கு ரத்தக் குழாயே கிடையாது, மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அதற்குச் சாப்பாடு, நடக்கும்போது ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்கி விரிந்துதான் அதை உறிஞ்சும். உட்கார்ந்தே இருந்தால் தொடைத் தசையும் இளைக்கும், பிறகு பாரம் எல்லாம் மூட்டின் மேல்தான். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி ஐந்து நொடி நிறுத்தி இறக்கச் சொல்லுங்கள், ஒரு காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும். வலித்தால் எண்ணிக்கையைக் குறைக்கலாம், நிறுத்த வேண்டாம். பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் ஒருமுறை காட்டிக் கற்றுக்கொண்டால் இன்னும் நல்லது.

எடை கூடுதலா? ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்குக் கிட்டத்தட்ட நான்கு கிலோ பாரம் குறையும். மூட்டு திடீரென்று வீங்கிச் சூடாக இருந்தாலோ, மடக்கவோ நீட்டவோ முடியாமல் பூட்டிக்கொண்டாலோ மட்டும் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.