வேர் தண்ணீரைத் தேடிப் போகுமா?

கே: வேப்பமரத்து வேர், பதினைந்து அடி தள்ளியிருக்கும் கழிவுநீர்க் குழாய்க்குள் புகுந்து அடைத்துவிட்டது. அவ்வளவு தூரத்திலிருந்தே தண்ணீரை மோப்பம் பிடிக்குமா? (வாசகி, கரூர்)

ப: பிடிக்காது. தன்னை ஒட்டியுள்ள மண்ணின் ஈரம்தான் வேருக்குத் தெரியும். பல திசைகளில் ஓடும் வேர்களில் ஏதோ ஒன்று, குழாய் இணைப்புக் கசிந்து ஈரமான மண்ணைத் தொட்டிருக்கும். தொட்டதும் ஈரம் பட்ட பக்கத்தில் பக்கவேர்கள் கிளம்பும், விரிசல் வழியே நுழையும்.

வளைவது எப்படி என்றால், நுனிக்குச் சற்றுப் பின்னால் செல்கள் நீளும் பகுதி இருக்கிறது. அங்கே காய்ந்த பக்கத்துச் செல்கள் ஈரப் பக்கத்தைவிட அதிகம் நீளும். அதனால் வேர் ஈரத்தின் பக்கம் திரும்புகிறது. நுனிதான் ஈரத்தை உணர்கிறது என்று 1880-ல் டார்வின் எழுதினார். ஆனால் கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் செடியில், நுனியை நீக்கிய பிறகும் வேர் வளைவதை 2017-ல் வெளியான ஆய்வு காட்டியது.

வேரை வெட்டி எடுத்தால் மட்டும் போதாது, கசிவு இருக்கும்வரை மறுபடி வரும். பழைய மண் குழாயானால் அந்தப் பகுதியை பிவிசிக்கு மாற்றி, பிவிசி இணைப்புகளை சால்வென்ட் சிமென்ட் (பிவிசி குழாய் ஒட்டும் பசை) போட்டு ஒட்டுங்கள்.

கே: இதை வகுப்பில் செய்து காட்ட முடியுமா? (ஆசிரியர், தென்காசி)

ப: தாராளமாக. ஜெர்மானியத் தாவரவியலாளர் ஜூலியஸ் சாக்ஸ் 1872-ல் செய்த சோதனையே போதும். பட்டாணியை இரவு முழுக்க ஊறவையுங்கள். வேர் வெளியே வரும் அளவு ஓட்டையுள்ள சல்லடையில் ஈர மரத்தூளைப் பரப்பி, பட்டாணியை அடிப்பக்கத்தை ஒட்டிப் புதைத்து, 45 டிகிரி சாய்த்து இருட்டான இடத்தில் தொங்கவிடுங்கள். வெளிச்சம் பட்டால் வேர் அதற்காகவும் வளையும், முடிவு குழம்பிவிடும்.

வேர் முதலில் புவியீர்ப்பால் கீழே இறங்கும். பிறகு சல்லடையின் ஈரப் பரப்பை நோக்கித் திரும்பி அதை ஒட்டியே வளரும். இன்னொரு சல்லடையை, அடியில் தண்ணீர் ஊற்றி மூடிய பாத்திரத்துக்குள் வையுங்கள். அங்கே எல்லாப் பக்கமும் ஒரே ஈரம் என்பதால் வேர் நேராகவே இறங்கும். பிள்ளைகள் அவசியம் பார்க்க வேண்டியது இந்த வித்தியாசத்தைத்தான். மரத்தூளைப் பிழிந்து போடுங்கள்; நீர் சொட்டினால் வேர் நனைந்து வளையாது. அறை ரொம்பக் காய்ந்திருந்தால் நுனி கருகும், சுற்றி ஈரத்துணி கட்டுங்கள்.

கே: மாமரத்துக்குச் சொட்டுநீர்க் குழாயை அடிமரத்தை ஒட்டியே வைக்கலாமா? (வாசகர், கிருஷ்ணகிரி)

ப: நட்ட புதிதில் மட்டும். காய்ந்த மண்ணைக் கடந்து ஈரத்தைத் தேடி வேர் போகாது. நனைந்த இடத்துக்குள்ளேயே சுருண்டு நிற்கும், மரம் பலமான காற்றில் சாயும். கிளை விரிய விரியச் சொட்டுவானை (குழாயில் தண்ணீர் சொட்டும் முனை) நிழல் விளிம்பை நோக்கி நகர்த்துங்கள். பழைய ஈரமும் புதிய ஈரமும் தொட்டுக்கொள்ளும்படி கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த வேண்டும். தண்ணீர் விட்ட மறுநாள் மெல்லிய இரும்புக் கம்பியை மண்ணில் அழுத்திப் பாருங்கள். கல் இல்லாத மண்ணில், கம்பி சுலபமாக இறங்கும் ஆழம்வரை நனைந்திருக்கிறது என்று அர்த்தம்.