மலமாற்று சிகிச்சைக்கு அப்புறம் என்ன சாப்பிடறது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மேடம், என் வீட்டுக்காரருக்கு ரொம்ப வருஷமா அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதான் பெருங்குடல்ல வீங்கிப் புண்ணாகற நோய். மெசலமைன், ஸ்டீராய்டு எல்லாம் பாத்தாச்சு, நிறுத்தினா திரும்ப ரத்தப்போக்கு ஆரம்பிச்சுடுது. இப்ப டாக்டர் எஃப்எம்டி பண்ணிப் பாக்கலாம்ங்கறாரு, ஆரோக்கியமானவங்களோட மலத்துல இருக்கற கிருமிகளை இவர் குடலுக்குள்ள விடறதாம். இவர் என்னடான்னா "அது பண்ணிட்டா புரோட்டா, ஐஸ்கிரீம்லாம் பழையபடி சாப்பிடலாம்ல"ன்னு கேக்கறாரு. சாப்பிடலாமா?
(வாசகி, தஞ்சாவூர்)

பதில்: கூடாதும்மா. அவர் ஆசை புரியுது, வருஷக்கணக்கா வாயைக் கட்டினவர் கேக்கத்தான் செய்வாரு, ஆனா இந்த சிகிச்சைல பாதி வேலை கிருமியைக் குடலுக்குள்ள விடற குழாய் வழியா நடக்குது, மீதி உங்க வீட்டு அடுப்படியிலதான் நடக்கணும்.

எஃப்எம்டின்னாலே ஒரே தடவைல குணமாயிடும்னு ஒரு பேச்சு இருக்கு, அது வேற ஒரு நோயை வச்சு வந்த பேச்சு. ஆன்டிபயாடிக் எடுத்து எடுத்து குடல்ல நல்ல கிருமி அழிஞ்சு போய், க்ளாஸ்ட்ரிடியம் டிஃபிசில்னு ஒரு கிருமி தலைதூக்கி பேதி நிக்காம போகும், அதுக்கு 2013-ல நெதர்லாந்துல ஒரு ஆய்வு பண்ணாங்க, 16 பேர்ல 13 பேருக்கு முதல் தடவையே சரியாச்சு. அந்த நோய்ல தனியா பெரிய டயட்னு எதுவும் இல்லாமலே வேலை செய்யும், ஏன்னா காலியா கிடக்கற இடத்துல புதுக் கிருமி ஈஸியா குடியேறிடும். கொலைட்டிஸ் அப்படி இல்லம்மா. இதுல உடம்போட எதிர்ப்பு சக்தியே குடல் சுவத்தைத் தாக்கிட்டு இருக்கு, பழைய கிருமிகளும் இடத்தை விட்டு நகராது, அதனால உள்ள வர்ற புதுக் கிருமிக்கு தினம் சாப்பாடு போட்டு வளக்கணும்.

இதை நம்ம நாட்டுலயே பண்ணிப் பாத்திருக்காங்க. டெல்லி எய்ம்ஸ்ல லேசான, நடுத்தரமான கொலைட்டிஸ் இருக்கற 66 பேரை எடுத்தாங்க, ஒரு குரூப்புக்கு வாரம் ஒரு தடவைன்னு 7 வாரம் எஃப்எம்டி, கூடவே வீக்கத்தைக் குறைக்கற சாப்பாட்டு முறை, இன்னொரு குரூப்புக்கு வழக்கமான மருந்து. 2022-ல ரிசல்ட் வந்துச்சு. 8 வாரத்துல முதல் குரூப்ல 60 சதவீதம் பேருக்கு நோய் அடங்கிடுச்சு, மருந்து குரூப்ல 32 சதவீதம்தான். எனக்கு முக்கியமாப் படறது அதுக்கப்புறம் நடந்ததுதான். குழாய் வேலை 7 வாரத்தோட முடிஞ்சுது, பலன் கிடைச்சவங்களுக்கு ஏற்கெனவே எடுத்துட்டிருந்த மருந்தோட சாப்பாட்டு முறையை 48 வாரம் வரைக்கும் தொடர்ந்தாங்க, அப்பவும் கால்வாசிப் பேருக்கு கேமரா விட்டுப் பாத்தாலும் புண் ஆறியே இருந்துச்சு, மருந்து குரூப்ல அப்படி ஒருத்தர்கூட இல்ல.

அந்த சாப்பாட்டு முறைல கோதுமை, பால் பொருள், சிவப்பு இறைச்சி, பதப்படுத்தின கறி, வெள்ளைச் சர்க்கரை, பாக்கெட் சாமான்ல சேக்கற கெமிக்கல் எல்லாத்தையும் குறைக்கச் சொல்லி, பழம், காய்கறி, புளிக்க வச்ச சாப்பாட்டைக் கூட்டினாங்க. ரொட்டியும் பாலுமா வாழற டெல்லிக்காரங்களுக்கே அது முடிஞ்சிருக்கு, சோறு இட்லி சாப்பிடற நமக்கு அவ்வளவு கஷ்டம் இருக்காது.

ஒண்ணை மறைக்காம சொல்லிடறேன். எய்ம்ஸ்ல ரெண்டையும் சேத்துக் குடுத்ததால எது எவ்வளவு வேலை செஞ்சுதுன்னு பிரிச்சுப் பாக்க முடியாது. இஸ்ரேல், இத்தாலி பக்கம் ஒரு சின்ன ஆய்வுல பிரிச்சுப் பாத்தாங்க, எஃப்எம்டி மட்டும் எடுத்த 17 பேர்ல 2 பேருக்குத்தான் அடங்குச்சு, எஃப்எம்டி கூட டயட்னு இருந்த 19 பேர்ல 4 பேருக்கு, வெறும் டயட் மட்டும் இருந்த 15 பேர்ல 6 பேருக்கு! ஆய்வைப் பாதியிலயே நிறுத்திட்டாங்க, ஆளும் கம்மி, அதனால எஃப்எம்டி வேண்டாம்னு அதை வச்சு முடிவு பண்ண முடியாது. ஆனா டயட்டை ஒப்புக்குச் சேத்துக்கற சமாச்சாரமா நினைக்காதீங்க.

ஐஸ்கிரீம் டப்பா ஒண்ணைக் கையில எடுத்து பின்னாடி பொடி எழுத்துல இருக்கறதைப் படிங்க. 407, 433, 466னு நம்பர் இருக்கும், எண்ணெயும் தண்ணியும் பிரியாம, கொழகொழன்னு இருக்கறதுக்காகப் போடறது. இதுல 433, 466 ரெண்டையும் எலிக்குக் குடுத்துப் பாத்தப்போ குடல் சுவர் மேல இருக்கற சளிப் படலம் மெலிஞ்சு கிருமிங்க சுவத்தை ஒட்டி வந்துடுச்சு, குடல் வீக்கமும் வந்துச்சு. மனுஷனுக்கு அதே அளவுக்கு ஆகுமான்னு முடிவாகல, ஆனா குடல் புண் இருக்கறவர் எதுக்கு ரிஸ்க் எடுக்கணும்? மருந்தை மட்டும் டாக்டர் சொல்லாம நிறுத்திடாதீங்க, எடை குறைஞ்சாலும் உடனே சொல்லுங்க.

கேள்வி: நாங்க சுத்த சைவம். எஃப்எம்டிக்கு மலம் குடுக்கற டோனர், கறி, மீன் சாப்பிடறவரா இருந்தா என்ன பண்றது? சைவக்காரங்கதான் வேணும்னு கேக்கலாமா மேடம்?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: தாராளமா கேளுங்க சார், வீட்டு ஆளுங்களே டோனரா இருக்கறதும் உண்டு. ஆனா கறியும் மீனும் பெரும்பாலும் சிறுகுடல்லயே செரிச்சுடும், உங்களுக்கு வர்றதுல இருக்கறது முக்கால்வாசி தண்ணி, மிச்சம் கிருமி, செரிக்காத நார். மருத்துவ ரீதியா பாத்தா, சைவ டோனர்னா கூடுதல் பலன்னு சொல்ல முடியல. ஆம்ஸ்டர்டாம்ல மெட்டபாலிக் சிண்ட்ரோம், அதாவது தொப்பை, சர்க்கரை, ரத்த அழுத்தம்னு சேந்து ஏறற பிரச்சினை இருக்கற 20 ஆம்பளைங்கள்ல பாதிப் பேருக்கு பால்கூட தொடாத வீகன் டோனரோட கிருமியைக் குடுத்தாங்க, கறியில இருந்து குடல் கிருமி உண்டாக்கற ஒரு கெட்ட பொருள் குறையுதான்னு பாக்கறதுக்கு. சிலருக்கு கிருமி வகை கொஞ்சம் மாறிச்சு, அந்தப் பொருள் குறையல.

டோனர் சாப்பாட்டுல கட்டாயம் பாக்க வேண்டியது அலர்ஜி. உங்களுக்கு வேர்க்கடலை ஒத்துக்காதுன்னா டோனரும் முன்னாடியே அதை நிறுத்தணும், இதை நீங்கதான் டாக்டர்கிட்ட ஞாபகமா சொல்லணும்.

கேள்வி: எஃப்எம்டி முடிஞ்சுது. நார்ச்சத்து நிறைய சாப்பிடுன்னு அண்ணன் சொல்றான், நார்ச்சத்தே தொடாதன்னு பக்கத்து வீட்டு அக்கா சொல்றாங்க. யார் சொல்றது சரி? பழைய சோறு சாப்பிடலாமா?
(வாசகர், மதுரை)

பதில்: ரெண்டு பேர் சொல்றதும் சரிதான் தம்பி, நேரம்தான் வேற வேற. நார்ச்சத்தைத்தான் நல்ல கிருமி தின்னு பியூட்டிரேட்னு ஒண்ணைத் தயாரிக்கும், பெருங்குடல் சுவத்து செல்லுக்கு அதுதான் முக்கியமான சாப்பாடு, அதனால நார்ச்சத்தே இல்லாம ரொம்ப நாள் ஓட்டினா புதுசா வந்த கிருமி பட்டினிதான். ஆனா ரத்தம் போயிட்டு இருக்கறப்போ பச்சைக் காய், முழுக் கொண்டைக்கடலை, கொய்யா விதைன்னு சாப்பிட்டா வயிறு புரட்டி எடுத்துடும். முதல்ல தோல் சீவின சுரைக்காய், பீர்க்கங்காய், மசிச்ச கேரட், பழுத்த வாழைப்பழம், குழைய வேகவச்ச பாசிப்பருப்புன்னு போங்க, வயிறு ஒத்துக்கிட்டா கீரை, அப்புறம் சுண்டல், சிறுதானியம். ஒவ்வொண்ணா சேருங்க, அப்பதான் எது ஒத்துக்கலன்னு தெரியும்.

பழைய சோறு நல்லது. வடிச்ச சோறு ஆறினதும் கொஞ்சம் மாவுச்சத்து செரிக்காத வகைக்கு மாறி பெருங்குடல் வரைக்கும் போகும், புளிச்ச தண்ணில லாக்டிக் அமிலக் கிருமியும் இருக்கும். ஆனா எதிர்ப்பு சக்தியைக் குறைக்கற மருந்து எடுக்கறவர்னா முதல்ல டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க, ஊத்தற தண்ணியும் கொதிச்சு ஆறினதா இருக்கணும்.

இன்னொண்ணு, சளி பிடிச்சுதுன்னு மெடிக்கல் ஷாப்ல போய் நீங்களா அசித்ரோமைசின் மாதிரி ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்காதீங்க. பாத்துப் பாத்து சாப்பிட்டு வளத்த கிருமி எல்லாம் அடிபட்டுடும்.

கேள்வி: யூடியூப்ல எனிமா வச்சு வீட்டுலயே எஃப்எம்டி பண்ணிக்கறாங்களே, செலவும் மிச்சம். பண்ணலாமா?
(வாசகர், சேலம்)

பதில்: வேண்டவே வேண்டாம். 2019-ல அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ ஒரு எச்சரிக்கை விட்டுச்சு, மருந்துக்கு அடங்காத ஈ.கோலை கிருமி டோனர் மலம் வழியா ரெண்டு பேருக்குப் போய் ஒருத்தர் இறந்துட்டார். அதுவும் ஆய்வுல, டாக்டர்ங்க மேற்பார்வையில குடுத்தது, அந்தக் கிருமிக்கு மட்டும் டெஸ்ட் பண்ணாம விட்டிருந்தாங்க. ஹெச்ஐவி, ஹெபடைடிஸ், ஒட்டுண்ணின்னு டோனருக்குப் பாக்கற டெஸ்ட் பட்டியல் நீளம், வீட்டுல அதையெல்லாம் யார் பாக்கறது? செலவுதான் கவலைன்னா அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில குடல் நோய் பிரிவு ஓபி-க்குப் போய்க் கேளுங்க, பழைய கொலனோஸ்கோபி ரிப்போர்ட்டை மறக்காம எடுத்துட்டுப் போங்க.