வீடு கட்டுவோர் கேள்வி பதில்: கூரை மரமும் ஓடாவியார் கணக்கும்

கேள்வி: பழைய கல்வீட்டின் பின்புறத்தில் 16 அடி அகலமும் 20 அடி நீளமும் உள்ள ஓர் அறைக்குச் சுவர் எழுப்பி முடித்துவிட்டேன். ஓட்டுக் கூரை போடுவதற்கு ஓடாவிமார் (தச்சர்) இருவரைக் கேட்டேன். ஒருவர் மரத்தையும் சேர்த்துச் சதுர அடிக் கணக்கில் கொந்தராத்துப் பேசுகிறார். மற்றவர், மரத்தை நான் வாங்கிக் கொடுத்தால் நாட்கூலிக்குச் செய்வதாகச் சொல்கிறார். இடித்த அடுக்களையின் பனை மரங்களும் வளவில் கிடக்கின்றன. யாரிடம் வேலையைக் கொடுப்பது?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, சாவகச்சேரி

பதில்: இருவருள் எவரையும் தெரிவு செய்வதற்கு முன்னர், "சதுர அடி" என்று முதலாமவர் எதைச் சொல்கிறார் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் அறையின் தரை 320 சதுர அடி. நான்கு புறமும் 2 அடி தாழ்வாரம் விட்டால், சுவர்த் தடிப்பைச் சேர்க்காமலே, கூரையின் கீழ் வரும் பரப்பு 480 சதுர அடியாகிறது. முகடு சுவரிலிருந்து 4 அடி உயரும்படி இருபுறமும் சரித்தால், சரிவின் மேல் அளக்கும் பரப்பு ஏறத்தாழ 537 சதுர அடியாகும். ஒரே கூரைக்கு மூன்று கணக்குகள் இருப்பதால், குறைந்த விலை சொல்பவரே முடிவில் கூடிய தொகை கேட்பவராக இருக்கவும் இடமுண்டு. இந்தப் பகுதியில் வேலை முடிந்தபின் எழும் பிணக்குகளில் பலவற்றுக்கு இந்த ஒரு சொல்லே காரணமாக இருப்பதை நான் கண்டிருக்கிறேன்.

அடுத்து, கூரை எப்படி நிற்கிறது என்பதைச் சற்று அறிந்திருந்தால் ஓடாவியாருடன் பேசுவது எளிதாகும். ஓட்டின் பாரத்தை, ஓடு அமரும் மெல்லிய குறுக்குச் சட்டமான சலாகை தாங்கி, முகட்டிலிருந்து சுவர் வரை சரிந்து இறங்கும் கைமரத்துக்குக் கொடுக்கிறது. கைமரம் அதை முகட்டில் நீளவாக்கில் கிடக்கும் மரமான முகட்டு வளைக்கும் சுவரின் மேலுள்ள வளைக்கும் பகிர்கிறது. அங்கிருந்து அது சுவர் வழியே அத்திவாரத்துக்கு இறங்குகிறது. ஆனால் சரிந்து நிற்கும் கைமரம் கீழ்நோக்கி மட்டும் அழுத்துவதில்லை. அதன் கால் சுவரை வெளிப்புறமாகவும் தள்ளும். முகட்டு வளைக்கு உறுதியான தாங்கல் இல்லாதபோது அந்தத் தள்ளுதல் முழுமையாகச் சுவருக்கே வரும். அதை இழுத்துப் பிடிப்பதற்காகவே இரு சுவர்களுக்கும் குறுக்கே தீராந்தி வைக்கிறோம். யன்னலைப் போலவே போர்த்துக்கேயரிடமிருந்து நமக்கு வந்த சொல் அது. அவர்கள் மொழியில் இழுப்பது என்ற பொருளைக் கொண்டது. பெயரிலேயே அதன் வேலை இருக்க, "மரம் மிச்சம்" என்று சொல்லித் தீராந்தியைத் தவிர்க்க முன்வருபவரிடம் 16 அடி அகலக் கூரையை நான் ஒப்படைக்கமாட்டேன்.

மரத்தின் அளவைப் பொறுத்தவரை, அகலத்தைவிட ஆழமே முக்கியம். 4 அங்குலத்துக்கு 2 அங்குல மரத்தைக் குத்தாக நிறுத்தினால், படுக்க வைத்ததைவிட இரு மடங்கு பலமும், வளையாமல் நிற்பதில் நான்கு மடங்கு விறைப்பும் கிடைக்கும். இதே காரணத்தால், மரம் விற்கும் மரக்காலையில் கால் அங்குலம் குறைத்து அறுத்துத் தருவது சிறிய குறை அல்ல. மூன்றே முக்காலுக்கு ஒன்றே முக்கால் என்று வந்த மரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மரம் இல்லை. பலத்திலோ நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான இழப்பு. மரம் வந்து இறங்கும் நாளில் ஓர் அளவுநாடாவுடன் வாசலில் நில்லுங்கள்.

உங்கள் கைமரக் கணக்கை நீங்களே போடலாம். ஒவ்வொன்றும் 11 அடிக்குச் சற்றுக் கூடுதலாக வேண்டியிருப்பதால் 12 அடி நீளமாக வாங்க வேண்டும். 2 அடிக்கு ஒன்றாக வைத்தால் ஒரு புறத்துக்கு 13, இரு புறமும் 26, மொத்தம் 312 அடி. 4 அங்குலத்துக்கு 2 அங்குல மரம் 18 அடி சேர்ந்தால் ஒரு கன அடியாகும்; ஆகவே கைமரத்துக்கு மட்டும் 17 கன அடிக்குச் சற்று அதிகம். வளை, தீராந்தி, சலாகை ஆகியன தனி. சலாகையின் இடைவெளியை ஓடு வந்த பிறகு, அந்த ஓட்டை வைத்து அளந்தே தீர்மானிக்க வேண்டும்.

கிடக்கும் பனை மரங்களை விறகுக்குக் கொடுத்துவிடாதீர்கள். முற்றிய பனையின் வைரம் பல தலைமுறைக்கு நிற்கும். சுவருக்குள் பதிந்திருந்த முனைகளையும் ஒழுக்கு விழுந்த இடங்களையும் ஒரு திருப்புளியால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்தப் பகுதியை வெட்டி நீக்கிவிட்டு எஞ்சியதைப் பயன்படுத்தலாம். துளையிடாமல் ஆணி அறைந்தால் வெடிக்கக்கூடியது என்பதால், பனையில் வேலை செய்து பழகியவரா என்று ஓடாவியாரிடம் கேளுங்கள். புதிதாகப் பனையை வெட்டுவதற்கு அனுமதி தேவை என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். மேற்பார்வைக்கு வீட்டில் ஆள் இருப்பதால், மரத்தை நீங்களே மரக்காலையில் வாங்கி, கூலியை மட்டும் முழு வேலைக்குமாக ஒரு தொகை பேசிக் கொடுப்பதே நல்லது. நாட்கூலி என்றால் வேலை நீளும் பயம் உங்களுக்கு. மரத்தோடு கொந்தராத்து என்றால் எந்த மரம் வந்தது என்ற ஐயம் உங்களுக்கு. மரத்தின் பெயர், அளவு, இடைவெளி, தாழ்வாரத்தின் நீளம், ஓடு ஏற்றும் கூலி யாருடையது என்பவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். சிறிய முற்பணம் மட்டும் கொடுத்து, மரவேலை முடிந்ததும் ஒரு பகுதியையும், ஓடு ஏற்றியதும் ஒரு பகுதியையும் கொடுத்து, இறுதிப் பகுதியை முதல் பெருமழை வரை வைத்திருக்கலாம் என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இதற்கு முகம் சுளிக்காத ஓடாவியாரே உங்களுக்கு ஏற்றவர். அவர் ஐந்தாறு வருடங்களுக்கு முன்னர் போட்ட கூரை ஒன்றையும் போய்ப் பாருங்கள். புதுக்கூரை எல்லாம் நேராகத்தான் தெரியும்.

ஒன்றை மட்டும் அவர் விருப்பத்துக்கு விடவேண்டாம். சுவரின் மேலுள்ள வளையைக் கொங்கிறீற்றுப் பீமில் பதித்த போல்ட்டுகளால் இறுக்க வேண்டும்; கைமரத்தை வளையுடன் இரும்புப் பட்டியால் பிணைக்க வேண்டும். 2020 டிசெம்பரில் புரெவிப் புயலின்போது நம் மாவட்டத்தில் சேதமடைந்த வீடுகள் பல. காற்று கூரையை அழுத்துவதோடு நில்லாமல் கீழிருந்து தூக்கவும் செய்கிறது. கடற்காற்று உள்ள இடமாகையால், ஆணியும் பட்டியும் நாகப்பூச்சுப் பூசியவையாக இருக்கட்டும்.

கேள்வி: கனடாவில் மகன் வாங்கிய வீட்டைக் கட்டும்போது பார்த்தேன். சுவர் முழுவதும் மெல்லிய மரச் சட்டங்கள்தான். இங்கும் அப்படிக் கட்ட முடியாதா?
– வாசகர், கோப்பாய்

பதில்: நீங்கள் பார்த்தது பெரும்பாலும் "டூ பை போர்" எனப்படும் மரமாக இருக்கும். பெயர் அப்படியிருந்தாலும், சீவிய பின் அதன் உண்மையான அளவு ஒன்றரை அங்குலத்துக்கு மூன்றரை அங்குலம். அவற்றை வழக்கமாக 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிறுத்தி, மேல் பலகைத் தகடுகளை அறைவார்கள். சட்டம் பக்கவாட்டில் சாயாமல் தடுப்பது அந்தத் தகடுதான். அங்கே வீட்டின் உடலையே தச்சர் கட்டுகிறார். இங்கே மேசன் சுவரை எழுப்பிய பின்னரே ஓடாவியார் நிலைக்கும் கூரைக்கும் வருகிறார். அந்த மென்மரத்தை நம்முடைய கறையானுக்கும் மாரிகால ஈரத்துக்கும் நடுவில் வைத்துக் காப்பாற்றும் செலவில், சீமெந்துக்கல் சுவரே கட்டிவிடலாம். அங்குள்ள ஒரு வழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: சட்டத்தை உட்பலகையால் மூடுவதற்கு முன் நகரசபைப் பரிசோதகர் வந்து பார்க்கிறார். நீங்களும் ஓடு ஏற்றுவதற்கு முன்னர் ஏணி வைத்து ஏறி, ஒவ்வொரு பொருத்தையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.