விமானத்தில் சாப்பாடு: டிக்கெட்டில் எது அடக்கம், எதைக் கேட்டு வாங்கலாம்?

கேள்வி: முன்பெல்லாம் சென்னையிலிருந்து டெல்லி போனால் ட்ரேயில் சூடாகச் சாப்பாடு வரும். இப்போது காபிக்கும் தனிக் காசு. சேவையை இப்படிக் குறைத்துக்கொண்டே போகலாமா?

பதில்: சாப்பாடு போட்டே ஆக வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. அன்று நீங்கள் போனது ஒரு வகை நிறுவனம், இன்று போவது வேறு வகை. 2003-இல் ஏர் டெக்கான் சாப்பாடு இல்லாத டிக்கெட்டை விற்க ஆரம்பித்தது. 2005-இல் ஸ்பைஸ்ஜெட்டும் 2006-இல் இண்டிகோவும் அதே வழியில் வந்தன. சாப்பாடு போட்ட கிங்ஃபிஷர் 2012-இலும், ஜெட் ஏர்வேஸ் 2019-இலும் பறப்பதை நிறுத்தின. விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு இணைந்தது. உள்நாட்டில் டிக்கெட்டோடு சாப்பாடு என்றால் பெரிய நிறுவனங்களில் மிஞ்சியது ஏர் இந்தியாதான்.

செலவுக் கணக்கு சாப்பாட்டு விலையோடு முடிவதில்லை. 50 இருக்கைக்கு ஒரு கேபின் ஊழியர் என்பது பாதுகாப்புக்கான குறைந்தபட்ச விதி. 186 பேர் உட்காரும் விமானத்தில் நான்கு பேர்தான் இருப்பார்கள். சென்னை–பெங்களூரு போன்ற தடத்தில் வானில் இருப்பதே முக்கால் மணி நேரம்தான். அதற்குள் ட்ரே கொடுத்து, திரும்ப வாங்கி, ட்ராலியைப் பூட்ட வேண்டும். தரையிறங்கிய அரை மணியில் அதே விமானம் அடுத்த ஊருக்குக் கிளம்ப வேண்டும் என்பதால், எல்லோருக்கும் ட்ரே கொடுத்தால் குப்பை அள்ளவே நேரம் போதாது.

ஆகவே விலையை ஒப்பிடும்போது டிக்கெட்டை மட்டும் பார்க்காதீர்கள். டிக்கெட், பெட்டி, இருக்கை, சாப்பாடு நான்கையும் கூட்டிப் பாருங்கள். மலிவு என்று நினைத்தது பல நேரம் மலிவாக இருக்காது. சாப்பாடு போன்ற கூடுதல் சேவைகளைப் பயணி தானாகத் தேர்ந்தெடுத்தால்தான் கட்டணம் வாங்கலாம் என்பது டிஜிசிஏ (விமான நிறுவனங்களைக் கண்காணிக்கும் மத்திய அரசு இயக்குநரகம்) விதி. பணம் கட்டும் பக்கத்தில் சாப்பாடு ஏற்கெனவே ‘டிக்’ ஆகியிருந்தால் எடுத்துவிட்டு, ஸ்க்ரீன்ஷாட் வைத்துக்கொள்ளுங்கள். கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பதை 2023 நவம்பரில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டு நெறிகளும் தடை செய்கின்றன.

கேள்வி: தண்ணீருக்குமா காசு?

பதில்: இல்லை. குடிநீருக்குத் தனிக் கட்டணம் கூடாது. பாட்டில் வேண்டுமென்றால் விலை. ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டால் தர வேண்டும்.

கேள்வி: முன்பதிவு செய்து பணமும் கட்டிய சாப்பாடு விமானத்தில் ஏறவே இல்லை. பதிலுக்கு பிஸ்கட் கொடுத்தார்கள். என்ன செய்யலாம்?

பதில்: கடைசி நேரத்தில் விமானம் மாறும்போது இது நடக்கும். பெரிய விமானத்துக்குப் பதில் ஏடிஆர் என்ற சிறிய விசிறி விமானம் வந்தால், சூடான சாப்பாட்டுக்கான வசதி பெரும்பாலும் அதில் இருக்காது. வேறு விமானத்துக்கு உங்களை மாற்றினாலும் பழைய ஆர்டர் கூடவே வராமல் போகலாம்.

சாப்பாடு வரவில்லை என்பதை இறங்கும் முன் ஊழியரிடம் சொல்லிப் பதியச் சொல்லுங்கள். போர்டிங் பாஸ், பிஎன்ஆர், சாப்பாட்டுக்குக் கட்டிய ரசீது மூன்றையும் இணைத்து நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். வவுச்சர் தருகிறோம் என்பார்கள். கட்டிய பணத்தையே திரும்பக் கேளுங்கள். பதில் வராவிட்டால் ஏர்சேவா என்ற அரசின் விமானப் பயணிகள் புகார் தளத்தில் புகார், அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 300, 400 ரூபாய்க்கு அவ்வளவு தூரம் போவீர்களா என்பது வேறு விஷயம். பெரும்பாலும் ஏர்சேவாவிலேயே முடிந்துவிடும்.

சாப்பாடு கெட்டிருந்தால் மட்டும் முறை வேறு. சாப்பிடுவதை நிறுத்தி, பாக்கெட்டின் தயாரிப்பு நேரம், உரிம எண் தெரியும்படி படம் எடுத்து, உணவுப் பாதுகாப்புத் துறையிடமும் புகார் செய்யுங்கள்.

கேள்வி: விமானம் தாமதமானால் சாப்பாடு தருவார்களாமே, எத்தனை மணி நேரத்துக்கு?

பதில்: இதை அறிந்து கேட்பவர்கள் குறைவு. பயண நேரம் இரண்டரை மணிக்குள் இருந்தால், 2 மணி நேரத் தாமதத்திலேயே உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். இரண்டரை முதல் ஐந்து மணி நேரம் வரையிலான பயணமென்றால் 3 மணி நேரத் தாமதம். அதற்கும் மேல் 4 மணி நேரம். சென்னை–மும்பை முதல் வகை, சென்னை–டெல்லி பொதுவாக இரண்டாம் வகை. நீங்கள் நேரத்துக்கு செக்-இன் செய்திருக்க வேண்டும். டிக்கெட்டில் சாப்பாடு இல்லையே என்று அவர்கள் தட்டிக் கழிக்க முடியாது. இது வேறு உரிமை. தாமதத்துக்குக் காரணம் நிறுவனத்தின் கையை மீறியதா என்பதில்தான் தகராறு வரும். எனவே காரணத்தை எழுத்தில் கேளுங்கள். குறுஞ்செய்தி வந்திருந்தால் அழிக்காதீர்கள்.

கேள்வி: வெளிநாட்டு விமானத்தில் சைவம் என்று பதிவு செய்தேன். தயிரும் இல்லை, காபிக்குப் பாலும் இல்லை.

பதில்: சிறப்புச் சாப்பாட்டுக்கு விமான நிறுவனங்கள் நான்கெழுத்துக் குறியீடு வைத்திருக்கின்றன. நீங்கள் அழுத்தியது விஜிஎம்எல்லாக (VGML) இருக்கும். அது பால், நெய், தயிர் எதுவும் இல்லாத வீகன் சாப்பாடு. நம் ஊர்ப் பாணி சைவத்துக்கு ஏவிஎம்எல் (AVML). எச்என்எம்எல் (HNML) என்பதன் விரிவு ‘இந்து மீல்’ என்றாலும் அதில் இறைச்சி உண்டு. பெயரைப் பார்த்து ஏமாறுபவர்கள் இதில்தான் அதிகம். பொதுவாக 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்லியாக வேண்டும். ஒரு நிறுவனத்தில் டிக்கெட் வாங்கி இன்னொரு நிறுவனத்தின் விமானத்தில் பறப்பதானால், இயக்கும் நிறுவனத்தின் தளத்திலும் பதிவு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: வெந்நீர் ஊற்றும் கப் உப்புமா வாங்கலாமா, வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போகலாமா?

பதில்: கட்டிக்கொண்டு போவதே மேல். விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய ஊட்டி உயரத்தில் இருப்பதுபோல. தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் கப்பில் அச்சிட்டிருக்கும் நேரத்தைவிட மூன்று நான்கு நிமிடம் கூடுதலாக மூடி வையுங்கள். வறண்ட காற்றில் உப்பும் இனிப்பும் நாக்குக்கு மங்கலாகவே தெரியும். புளிப்பு எடுபடும்.

உள்நாட்டில் திட உணவுக்குத் தடையில்லை. எண்ணெயில் குழைத்த மிளகாய்ப் பொடி தடவிய இட்லி, சப்பாத்திச் சுருள், புளியோதரை போதும். வெறும் சோறு நாலு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்கக் கூடாது. சாம்பார், சட்னி, ஊறுகாய் சோதனையில் சிக்கும். பன்னாட்டுப் பயணத்தில் திரவங்களுக்கு 100 மில்லி வரம்பும் உண்டு. சில வெளிநாட்டு மலிவுக் கட்டண விமானங்கள் சொந்த உணவை உள்ளே சாப்பிட விடுவதில்லை. அவற்றில் போகிறீர்கள் என்றால் ஏறும் முன்பே சாப்பிட்டுவிடுங்கள்.