நம் வீட்டு ஆழாக்கு (கடிதம்)

அன்புள்ள ஐயா,

எனக்கு 22 வயது. மும்பை மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள். தாத்தா காலத்தில் இங்கே வந்த குடும்பம். தமிழ் தலித் எழுத்தாளர் பாமாவின் ‘கருக்கு’, மராத்தி தலித் எழுத்தாளர் தயா பவாரின் ‘பலுதா’ என்ற தன்வரலாறுகள், தீண்டாமையால் தனக்கு நேர்ந்தவற்றை அம்பேத்கர் எழுதிய சிறுநூல் ஆகிய மூன்றையும் இரண்டு மாதங்களில் படித்தேன். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில்தான் படித்தேன். கருக்கைத் தமிழில் தொடங்கினேன். மொழி கொச்சையாக இருந்ததால் பத்துப் பக்கங்களுக்கு மேல் போக முடியவில்லை. மூன்றுமே என்னை அழ வைத்தன. பல இரவுகள் தூங்கவில்லை. இது என் கதை என்று தோன்றியது. பள்ளியில் என்னையும் ‘மதராசி’ என்று கேலி செய்திருக்கிறார்கள். அப்பாவிடம் சொன்னேன். “நாமும் இந்த ஊரில் அடிபட்டவர்கள்தான், எல்லாரும் பட்டவர்கள்தான்” என்றார். அடையாளங்கள் இல்லாமல் வெறும் மனிதராக இருக்க முடியாதா? இந்தப் புத்தகங்களைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டா? பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று காலை பழைய அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தேன். கையில் அகப்பட்டது அதே பலுதா. மராத்திப் பதிப்பு. அட்டை போய்விட்டது; ஓரங்களில் பென்சிலால் இந்தியில் பொருள் எழுதியிருக்கிறது. அது என் கையெழுத்து இல்லை. அதனால்தான் உடனே பதில் எழுத உட்கார்ந்தேன்.

எழுதத் தகுதி உண்டா என்கிறீர்கள். எழுதுங்கள். அதைப் பற்றி நெடுநேரம் பேச எனக்கு ஆர்வம் இல்லை. வெறும் மனிதராக இருப்பது பற்றிய கேள்வியையும் விட்டுவிடுகிறேன். வாடகைக்கு வீடு கேட்டுப் போகும்போது சாதியைச் சொன்னதும் கதவு மூடப்படாத குடும்பங்களில்தான் அந்தக் கேள்வி எளிதாகப் பிறக்கிறது.

அழுததற்கு வெட்கப்படாதீர்கள். இந்த வயதில் ஒரு புத்தகம் தூக்கத்தைப் பறிக்கிறது என்றால் உங்கள் மனம் நல்ல மண். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் திட்டப்போகிறேன்.

கொச்சை என்று எழுத எப்படிக் கை வந்தது? 1992இல் வந்த அந்தப் புத்தகம் முழுவதும் பாமா தன் ஊர்ப் பேச்சில்தான் எழுதினார். ஊர்ப் பெரியவர் ஒருவர் வடைப் பொட்டலத்தைக் கையில் படாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துச் சிறுமிக்குச் சிரிப்பு வருகிறதே, நினைவிருக்கிறதா? முதலாளி தின்னப்போகும் பொட்டலம், தொட்டால் தீட்டு என்று அண்ணன் விளக்கிய பிறகுதான் அந்தச் சிரிப்பு நிற்கிறது. அந்தச் சிரிப்பின் ஓசை அந்தப் பேச்சில்தான் இருக்கிறது. நீங்கள் கொச்சை என்று ஒதுக்கியது அதைத்தான். பதினோராம் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். விளங்காத சொல்லை வாய்விட்டுப் படியுங்கள், விளங்கும்.

பலுதாவையுமா ஆங்கிலத்தில்? இந்த ஊரில் வளர்ந்த நீங்கள் பள்ளியில் மராத்தி படித்திருப்பீர்கள். நம் குடும்பங்கள் மூன்று தலைமுறைகளாக இங்கே இருக்கின்றன. காய்கறிக்காரரிடம் பேரம் பேச மட்டும் அந்த மொழியை வைத்துக்கொண்டோம். ஊருக்குத் தலைமுறை தலைமுறையாகச் செய்யும் ஊழியத்துக்கு, அறுவடையில் கொடுக்கப்படும் பங்குதான் பலுதா. அதைத் தன் வாழ்க்கைக்குத் தலைப்பாக வைத்து 1978இல் ஒருவர் எழுதினார். அவர் பிள்ளைப் பருவத்தில் வாழ்ந்த காவாகானா என்ற குடியிருப்பு நம் ஊரிலேயே, நாக்பாடாவில் இருந்தது. அதை ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்திருக்கிறீர்கள்.

இதெல்லாம் சில்லறைக் கோபம். என் பெரிய கோபம் ‘இது என் கதை’ என்ற மூன்று சொற்களின் மேல்.

இல்லை அம்மா. அது உங்கள் கதை இல்லை, என் கதையும் இல்லை. 1901இல் நடந்ததை அம்பேத்கர் சொல்லும் பகுதியை மறுபடி எடுத்துப் படியுங்கள். கோரேகாவில் வேலை பார்த்த தகப்பனைக் காணப் புறப்பட்ட சிறுவர்கள் மசூர் நிலையத்தில் இறங்குகிறார்கள். நல்ல உடை, கையில் டிக்கெட். பிராமணப் பிள்ளைகள் என்று நினைத்து நிலைய அதிகாரி அன்பாகப் பேசுகிறார். தீண்டத்தகாதவர்களாக வைக்கப்பட்ட மகார் சாதி என்று தெரிந்ததும் அவர் முகம் மாறிவிடுகிறது. மாட்டு வண்டிக்காரர்கள் வர மறுக்கிறார்கள். ஒருவர் மட்டும் இரட்டிப்புக் கூலிக்கு ஒப்புக்கொள்கிறார். வண்டியைச் சிறுவர்களே ஓட்ட வேண்டும், அவர் கூடவே நடந்து வருவார். இரவாகிறது. கூடையில் சாப்பாடு நிறைய இருக்கிறது. பசியும் இருக்கிறது. தண்ணீர் தர ஆள் இல்லை. முஸ்லிம் என்று சொல்லிச் சுங்கச்சாவடியில் கேட்டுப் பார்க்கிறான் அந்தச் சிறுவன், அங்கும் இல்லை. கூடையை அப்படியே வைத்துக்கொண்டு பட்டினியாகத் தூங்குகிறார்கள்.

பள்ளியில் உங்களை மதராசி என்றார்கள். வலித்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அன்று மாலை வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்தீர்கள் அல்லவா? அந்த இரவையும் உங்கள் மாலையையும் ஒரே ஆழாக்கில் அளக்கிறீர்கள். அது நம் வீட்டு ஆழாக்கு. எதைப் போட்டாலும் நம் வீட்டு அளவையே காட்டும். படிப்பவர் தன்னையே தேடிக்கொண்டு படித்தால், எழுதியவர் இன்னொரு முறை வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

உங்கள் தெருவிலிருந்து நடக்கும் தூரத்தில், தாதர் இந்து காலனியில், 1930களில் தன் புத்தகங்களுக்காகவே அம்பேத்கர் கட்டிய ராஜகிருகம் இருக்கிறது. போயிருக்கிறீர்களா? அவர் நினைவு நாளான டிசம்பர் 6 அன்று ஒவ்வோர் ஆண்டும், அவரை எரியூட்டிய இடமான தாதர் சைத்யபூமிக்கு லட்சக்கணக்கானவர்கள் வருகிறார்கள். சிவாஜி பூங்காவில் வரிசையாகப் புத்தகக் கடைகள். பழைய செருப்பு அணிந்த ஒருவர் மஞ்சள் பையிலிருந்து பணத்தை எண்ணிக் கொடுத்துத் தடிமனான நூல் வாங்குவதைப் பார்க்கலாம். அன்றைக்கு ரயிலில் கூட்டம் என்று உங்கள் வீட்டில் யாரும் அலுத்துக்கொண்டதே இல்லையா? என் வீட்டில் அலுத்துக்கொண்டிருக்கிறார்கள், நானும் அலுத்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் அப்பா சொன்னதை நானும் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். 1983இல் கோட்டைப் பகுதி அலுவலகம் ஒன்றில் எனக்கு வேலை. பக்கத்து மேசைக்காரர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மகார் குடும்பம், பௌத்தர்களாக மாறியவர்கள். வர்ளி பி.டி.டி. குடியிருப்பில் வீடு, தலித் பாந்தர் அமைப்பினருக்கும் சிவசேனையினருக்கும் அங்கே நடந்த 1974 ஜனவரிக் கலவரத்தை வராந்தாவிலிருந்து பார்த்தவர். கடைப் பேச்சுக்கு மேல் எனக்கு மராத்தி வராது என்று தெரிந்ததும், சாப்பாட்டு வேளையில் தினமும் சில பக்கங்கள் பலுதாவை எனக்கு வாய்விட்டுப் படித்தார். கடினமான சொற்களுக்கு இரவில் வீட்டில் உட்கார்ந்து பென்சிலால் பொருள் எழுதிக்கொண்டு வருவார். யார் செய்வார்கள் அதை?

ஒரு நாள் பாதியில் நிறுத்தி நான் சொன்னேன்: “எங்களுக்கும் நடந்திருக்கிறது. 1960களின் இறுதியில் சிவசேனைக்காரர்கள் மதராசிகளை விரட்டக் கிளம்பினார்களே, அப்போது என் மாமாவின் காப்பிக் கடையை அடித்தார்கள். மூன்று கண்ணாடிகள் உடைந்தன. எனக்கு ஏழு வயது, கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருந்தேன்.”

அவர் புத்தகத்தை மூடவில்லை. “மாமா கடையைத் திரும்பத் திறந்தாரா?” என்று கேட்டார்.

“நான்கே நாட்களில்.”

“அந்தக் கடையில் என் அப்பாவுக்கு அடுப்படியில் வேலை கொடுத்திருப்பார்களா?”

எனக்குப் பேச்சு வரவில்லை. மாமா கடையின் அடுப்படியில் நம்மவர்களைத் தவிர யாரும் கால் வைத்ததில்லை. எச்சில் இலையை அள்ளிப் போக ஒருவர் வருவார், பின்வாசல் வழியாக. அவருக்குக் காப்பி கொல்லையில், கொட்டாங்கச்சியில். கண்ணாடி உடைந்த அன்றைக்குச் சில்லுகளைப் பெருக்கி அள்ளியவரும் அவர்தான். கையைக் கிழித்துக்கொண்டார், ரத்தம் வந்தது. உடைந்த கண்ணாடிகளின் எண்ணிக்கை எனக்கு இன்றைக்கும் தெரிகிறது. அவர் பெயர் தெரியாது. அன்றும் தெரியாது, யாரும் கேட்டதில்லை.

நண்பர் அதன் பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. மறுநாள் விட்ட இடத்திலிருந்து படித்தார். முழுப் புத்தகத்தையும் படித்து முடித்து என்னிடமே கொடுத்துவிட்டார். அவர் போய்ப் பல வருடங்களாகின்றன.

ஞாயிற்றுக்கிழமை வந்து அந்தப் பிரதியை வாங்கிப் போங்கள். பாதிக்கு மேல் பென்சில் குறிப்புகள் குறையும், அதற்குள் என் மராத்தி தேறியிருந்தது. அங்கே உங்களுக்குத் தெரியாத சொற்களுக்கு நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பத்திரமாகத் திருப்பித் தர வேண்டும்.

வருவதற்கு முன் ஒரு வேலை. மாட்டுங்காவின் பழைய கட்டடங்கள் பலவற்றின் பின்பக்கம் குறுகலான இரும்புச் சுழல் படிக்கட்டு ஒன்று இருக்கும், கழிப்பறைப் பக்கம் போய் முடியும். உங்கள் கட்டடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அப்பாவை அங்கே அழைத்துப் போய், அவர் சிறுவனாக இருந்தபோது அதில் யார் ஏறி வந்தார்கள், முன்பக்கப் படியில் அவர்கள் ஏன் வரவில்லை என்று கேளுங்கள். அவர் சொல்வதை எனக்கு எழுதுங்கள்.