லீட் ஆகலாமா, கோடிங்லயே இருக்கலாமா: இந்த வார கேள்வி-பதில்

கே: அண்ணா, சாஃப்ட்வேர் டீம நடத்துற லீட் ரோல் வந்திருக்கு. எடுக்கலாமா வேணாமா?

ப: எத்தன வருஷ அனுபவம், டீம்ல எத்தன பேரு, சர்வீஸ் கம்பெனியா ப்ராடக்ட் கம்பெனியா, ஒன்னுமே எழுதல. இப்படி ஒத்த வரில கேட்டா நான் எத வச்சு சொல்றது? விவரத்தோட திரும்ப எழுதுங்க.

கே: லீட் ஆனா கோடிங் மறந்துடுமா?

ப: மறக்காது, வேகம் குறையும். எட்டு பேர் டீம்னா, ஒவ்வொருத்தர்கிட்டயும் தனியா பேசுற ஒன்-டு-ஒன்னுக்கே வாரம் நாலு மணி நேரம் போயிடும், அதுக்கு மேல ப்ளானிங், இன்டர்வியூ, கிளையன்ட் கால். ரிலீஸுக்கு அவசரமான டிக்கெட்ட (ஒதுக்கின வேலைய) மட்டும் கையில எடுக்காதீங்க, நீங்க மீட்டிங்ல மாட்டிக்கிட்டா மொத்த டீமும் காத்து கெடக்கும்.

கே: டீம்ல நான்தான் பெஸ்ட் டெவலப்பர். அப்ப லீட் எனக்குத்தானே வரணும்?

ப: அப்படி ஒன்னும் கெடையாது. கூகுள்ல 2002 வாக்குல இன்ஜினியரிங் மேனேஜரே வேணாம்னு பாத்தாங்க, செலவு பில்லுல இருந்து ஆளுங்க சண்ட வரைக்கும் நேரா நிறுவனர்கள்ல ஒருத்தரான லாரி பேஜ்கிட்டயே போய் நின்னதால சில மாசத்துலயே கைவிட்டாங்க. பின்னாடி ப்ராஜெக்ட் ஆக்ஸிஜன்னு ஆய்வு பண்ணி நல்ல மேனேஜருக்கு எட்டு குணம் பட்டியல் போட்டப்ப, ஆளுங்கள வளத்து விடுறது முதல்ல நின்னுச்சு, டெக்னிக்கல் திறமை எட்டாவது. ராத்திரி ரெண்டு மணிக்கு ப்ரொடக்ஷன் (கிளையன்ட் ஓட்டுற சிஸ்டம்) விழுந்தா, கீபோர்ட பிடுங்காம ஜூனியரையே லாக் (சிஸ்டம் பதிவு) படிக்க விட்டு பக்கத்துல உக்காருவீங்களா? அத யோசிங்க.

கே: லீட்னு பேரு குடுத்துட்டாங்க, சம்பள ஹைக் இல்ல, டீம் ஆளுங்களுக்கு ரேட்டிங் மேனேஜர்தான் போடுறாரு. "பண்ணிக்காட்டு, அடுத்த அப்ரைசல்ல பாத்துக்கலாம்"ங்கிறாரு. நம்பலாமா?

ப: நம்பாதீங்க. இதே கடிதம் வேற வேற பேர்ல வந்துக்கிட்டே இருக்கு, படிக்கிறப்பல்லாம் ஆத்திரமா வருது. டெலிவரி லேட்டானா கிளையன்ட் கால்ல திட்டு உங்களுக்கு, ஆனா யார எடுக்கறது, யாருக்கு என்ன ரேட்டிங், எதுலயும் உங்க பேச்சு எடுபடாது. இத்தன பேருக்கு இன்ன ரேட்டிங்தான்னு முன்னயே பங்கு போடுற பெல் கர்வ்ல ஒருத்தர கீழ தள்ளணும்னு மேல முடிவு பண்ணிட்டு, அத அந்தப் பையன்கிட்ட சொல்ற வேலய மட்டும் உங்க தலைல கட்டுவாங்க, அவன் மீட்டிங் ரூம்ல உக்காந்து "நான் என்ன தப்பு பண்ணேன்"னு கேக்கறப்ப உங்ககிட்ட பதிலே இருக்காது, ஏன்னா அந்த ரேட்டிங்க நீங்க போடல. அவன் ராஜினாமா பேப்பர் போட்டா 90 நாள் நோட்டீஸ் முடியறதுக்குள்ள வேற ஆள் தேடி பழக்குறதும் நீங்கதான். இத்தனைக்கும் உங்க சொந்த டிக்கெட் ஒன்னு கூட கொறயாது. அதனால ரேட்டிங்லயும் ஆள் எடுக்கறதுலயும் உங்களுக்கு என்ன பங்கு, கோடிங் வேல பாதியா கொறயுமா, டெசிக்னேஷனும் ஹைக்கும் எந்த மாசம், எல்லாத்தயும் மெயில்ல கேளுங்க. வாய் வார்த்தை அப்ரைசல்ல நிக்காது. மெயில் போட தயங்குனா வேணாம்னு சொல்லிடுங்க.

கே: மேனேஜர் ஆகலைன்னா 40 வயசுல தூக்கிருவாங்களா?

ப: மேனேஜர் ஆனா மட்டும் பாதுகாப்பா? 2023-ல ஃபேஸ்புக் நடத்துற மெட்டால நிறைய மேனேஜருங்கள திரும்ப இன்ஜினியரிங் வேலைக்கே போகச் சொன்னாங்க. பயத்துல மாறாதீங்க. மேனேஜர் ஆகாமலே மேல போக ஸ்டாஃப் இன்ஜினியர், ப்ரின்சிபல் இன்ஜினியர்னு படி இருக்கற கம்பெனியா பாருங்க.

கே: லீட் ஆகி ஒரு வருஷம், பிடிக்கல. திரும்பிடலாமா?

ப: தாராளமா. ரெண்டு வருஷத்துக்குள்ள திரும்பறது சுலபம், ஆனா சம்பளமும் கிரேடும் கொறயாதுன்னு மெயில்ல வாங்கிட்டு திரும்புங்க.