களிமண் பாட்டி ஏன் சரிகிறாள்?

கேள்வி: எங்கள் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் பால்மரம் வெட்டும் (ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கும்) பாட்டி ஒருத்தியைப் பிளாஸ்டிசினில் ஓரடி உயரத்துக்குச் செய்து, சிறிது சிறிதாக நகர்த்தி, கைத்தொலைபேசியில் படம் படமாக எடுத்து அசைபடம் (ஸ்டாப் மோஷன்) ஆக்குகிறார்கள். பத்துப் படம் தாண்டுவதற்குள் பாட்டி சாய்ந்துவிடுகிறாள். வாளி பிடித்த கையும் தொங்கிவிடுகிறது. படம் வேறு மினுக்மினுக்கென்கிறது. – ஓர் ஆசிரியை, சுங்கை சிப்புட்

பதில்: முதலில் உயரத்தைக் குறையுங்கள், 15 சென்டிமீட்டர் போதும். உயரம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகும். பிளாஸ்டிசின் எண்ணெய் கலந்த களி. காய்ந்து வெடிக்காது, ஆனால் சூட்டில் இளகும். தகரக் கூரைக்கடியில் மத்தியானத்தில் அது நிமிர்ந்து நிற்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. எடையைத் தாங்க வேண்டியது உள்ளேயிருக்கும் கம்பிக்கூடு. களி வெறும் தோல்தான்.

ஹார்ட்வேர் கடையில் 1.5 மி.மீ. அலுமினியக் கம்பி வாங்கி, இரண்டு இழையாகத் தளர்வாக முறுக்குங்கள். இறுக்கி முறுக்கினால் சீக்கிரம் முறியும். இரும்புக் கம்பி வளைத்த இடத்தில் நிற்காமல் பின்வாங்கும், அது வேண்டாம். இடுப்பு, தொடை, முன்கை ஆகிய இடங்களில் எபோக்சி புட்டி (பிசைந்து பூசினால் கல்லாக இறுகும் பசை) பூசி இறுகவிடுங்கள். வளைய வேண்டிய மூட்டுகள் மட்டும் வெறும் கம்பியாக இருக்கட்டும். தலைக்குள் அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக வைத்து, மேலே சில மில்லிமீட்டர் களி பூசினால் போதும். வாளியையும் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தையும் களியில் செய்யாதீர்கள். காகிதத்தில் செய்து வண்ணம் பூசினால் கை தொங்காது. எவ்வளவு நல்ல கம்பியும் வளைந்து வளைந்து ஒருநாள் முறியும், ஆகவே இன்னொரு கூட்டையும் இப்போதே செய்து வையுங்கள்.

பாட்டி சாய்வதற்குப் பெரிய காரணம் பாதம். ஒவ்வொரு பாதத்திலும் 3 மி.மீ. திருகாணிக்கான நட்டு ஒன்றைப் புட்டியால் பதியுங்கள். மேடைக்கு ஒட்டுப்பலகை வைத்து, அடி வைக்கும் இடங்களில் துளையிட்டு, கீழிருந்து திருகாணி ஏற்றுங்கள். ஒரு பாதம் இறுகியிருக்கும்போதுதான் மற்றதைத் தூக்க வேண்டும். காலியான துளையைத் தரையின் நிறக் களியால் அடைத்துவிடலாம்.

மினுக்கத்துக்குக் காரணம், தொலைபேசி ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தையும் நிறத்தையும் தானே மாற்றிக்கொள்வது. ஒளியளவு, குவியம் (ஃபோகஸ்), வெள்ளைச் சமநிலை (நிறச் சாயலைச் சரிசெய்யும் அமைப்பு) மூன்றையும் பூட்டுங்கள். சன்னலைக் கறுப்புத் துணியால் மூடுங்கள், மேகம் நகர்ந்தாலே படத்தில் தெரியும். மலேசியாவில் நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், விளக்கின் துடிப்போடு ஒத்துப்போக, ஷட்டர் வேகம் (ஒரு படத்துக்கு ஒளி விழும் நேரம்) நொடியில் 50இல் ஒரு பங்கோ 25இல் ஒரு பங்கோ இருக்கட்டும். பொம்மையை நகர்த்தும் பிள்ளைகள் வெள்ளைச் சீருடையோடு அருகில் நின்றால் அந்த வெள்ளையும் பொம்மைமேல் பட்டுத் தெறிக்கும். கறுப்புச் சட்டை போடச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒரு நிமிடப் படத்துக்கு எத்தனை படம் எடுக்க வேண்டும்? – இன்னொரு வாசகர், தாப்பா

பதில்: நொடிக்கு 12 என்றால் 720. முதல் முயற்சிக்கு 20 நொடி, அதாவது 240 படம் போதும்.